வினாவும் விடையும்: பிரையன் ஹொட்சனின் இமாலய ஆவணங்கள் பற்றிய ஒரு நோக்கு

குடியேற்றவாட்சிக் காலத்து ஐரோப்பிய அறிஞர் பற்றி நம்மிடையே இருவகை நோக்குகள் நிலவுகின்றன. கீழைத்தேய அறிவை மறதியிலிருந்து மீட்டளித்த கொடையாளர் என அவர்களைப் போற்றுவது ஒன்று. அவர்தம் ஆய்வனைத்தும் ஆட்சியின் கருவியே என ஒதுக்குவது மற்றையது. இரண்டும் முடிபிலிருந்து தொடங்குவன. சான்றிலிருந்து தொடங்குவன அல்ல. ஓர் அறிஞர் அச்சிற்கு அளித்தவற்றோடு, அவர் விட்டுச்சென்ற கையெழுத்துத் தாள்களையும் ஓவியங்களையும் ஒருசேர நோக்கும்போது, இவ்விரு முடிபுகளும் போதாதவை என்பது புலனாகும். பிரையன் ஹௌட்டன் ஹொட்சனின் ஆவணங்கள் இதற்குத் தக்க சான்றாகும்.

கிழக்கிந்தியக் கம்பனியின் ஊழியராக 1818இல் இந்தியா வந்த ஹொட்சன், 1820இல் காத்மண்டு சென்றார். 1833 முதல் 1843 வரை அங்கே பிரித்தானிய வதிவிடப் பிரதிநிதியாக விளங்கினார். ஆளுநர் நாயகம் எலன்பறோ பிரபுவுடன் ஏற்பட்ட முரண்பாட்டால் பதவியிழந்த அவர், 1845 முதல் 1858 வரை டார்ஜிலிங்கில் தங்கித் தமது ஆய்வுகளைத் தொடர்ந்தார். 1894இல் காலமானார். அவர் சேகரித்த விலங்கு, பறவை மாதிரிகள் 10,000க்கு மேற்பட்டவை. குள்ளக் காட்டுப்பன்றியை 1847இல் அறிவியலுலகிற்கு முதலில் விவரித்தவர் அவரே. அவரது தாள்களும் ஓவியங்களும் பிரித்தானிய நூலகம், இயற்கை வரலாற்று அருங்காட்சியகம், விலங்கியற் சங்கம் முதலாய இலண்டன் நிறுவனங்களில் இன்று பிரிந்து கிடக்கின்றன. இப்பிரிவினை தற்செயலானதன்று. விலங்கியல், பௌத்தவியல், மானிடவியல் எனத் துறைகள் வேறுபட்டமைக்கேற்ப ஒரே மனிதரின் உழைப்பும் கூறுபோடப்பட்டது. அதனால் அவருக்குத் துணைநின்றோர் எத்துறைக்கும் உரியவராகாது மறைந்தனர்.

ஓவியங்களை முதலில் நோக்கலாம். காத்மண்டுப் பள்ளத்தாக்கிற்கு அப்பால் தாராளமாகச் செல்லும் உரிமை வதிவிடப் பிரதிநிதிக்கு இருக்கவில்லை. எனவே மாதிரிகளைத் தேடிக் கொணர்ந்தவர்கள் உள்ளூர் வேடர்களும் சேகரிப்போரும் ஆவர். அவற்றை வரைந்தவர்கள் ராஜ்மான் சிங் முதலாய நேபாள ஓவியர்கள். வழிபாட்டிற்கான படங்களை எழுதும் மரபில் வந்த கைகள் பறவையின் அலகையும் நகத்தையும் அளவு பிசகாது தீட்டின. ஓவியத் தாள்களில் ஆங்கிலக் குறிப்புகளோடு நாகரி எழுத்துக் குறிப்புகளும் காணப்படுகின்றன. அச்சேறிய விலங்கியற் கட்டுரையில் ஹொட்சனின் பெயர் மட்டுமே நிற்கிறது. தாளிலோ பலர் உடனுறைகின்றனர். அச்சு மறைத்ததை ஆவணம் காட்டுகிறது என்பதற்கு இதனிலும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

பௌத்தம் பற்றிய ஆய்வில் இப்பிரச்சினை இன்னும் ஆழமானது. ஹொட்சன் திரட்டிய வடமொழிச் சுவடிகள் கல்கத்தா, இலண்டன், பாரிஸ் நகரங்களின் அறிஞர் சங்கங்களைச் சென்றடைந்தன. பாரிஸில் அவற்றைக் கற்ற யூஜின் பர்னூஃப் 1844இல் வெளியிட்ட இந்திய பௌத்த வரலாற்று அறிமுக நூல், ஐரோப்பியப் பௌத்த ஆய்விற்கு அடித்தளமாயிற்று. சுவடிகளைத் தேடித் தந்தும் பொருள் விளக்கியும் உதவியவர் பாதன் நகரத்து நேவார்ப் பண்டிதர் அமிர்தானந்தர். அவரை வெறும் தகவலாளி எனக் கொள்ளல் தவறு. அசுவகோசரின் புத்தசரிதத்துக்குக் கிடைத்த சுவடி குறையாக இருந்தமையால், 1830இல் அதன் இறுதிச் சருக்கங்களைத் தாமே இயற்றி நிறைவுசெய்து, அதனை ஒளிக்காது எழுதியும் வைத்தவர் அவர்.

அத்தகைய புலவரிடம் ஹொட்சன் ஒரு வினாக்கொத்தை நீட்டினார். உலகு எவ்வாறு படைக்கப்பட்டது, புத்தர் இறைவனா, தீர்க்கதரிசியா என்ற போக்கில் அவ்வினாக்கள் அமைந்தன. இவை கிறித்தவ இறையியல் பயின்ற மனத்தின் வினாக்கள். பௌத்தர் தம்முள் கேட்டுக்கொள்பவை அல்ல. பண்டிதர் கேட்டவற்றுக்கு நூல்களிலிருந்து விடை தேடியளித்தார். அவ்விடைகளிலிருந்து நேபாள பௌத்தத்தில் சுவாபாவிகம், ஐசுவரிகம், கார்மிகம், யாத்னிகம் என நான்கு தத்துவப் பிரிவுகள் உளவென ஹொட்சன் வகுத்தார். அவ்வகுப்பு நெடுங்காலம் நூல்களில் எடுத்தாளப்பட்டது. ஆயின் அத்தகைய பிரிவுகள் நேபாளத்தில் நிலவியமைக்கு ஆதாரமில்லை என்பதை டேவிட் கெல்னர் 1989இல் விரிவாக எடுத்துக்காட்டினார். விடையளித்தவர் பொய்யுரைக்கவில்லை, கேட்டவர் திரிக்கவும் எண்ணவில்லை. வினாவே விடையின் வடிவத்தை முன்னரே தீர்மானித்துவிட்டது.

தமிழ் மாணவர்க்கு இதில் நேரடியான தொடர்பொன்றும் உண்டு. போடோ, திமால் முதலிய மக்களைப்பற்றி 1847இல் எழுதிய ஹொட்சன், ஆரியரல்லாத இந்திய ஆதிக்குடிகள் அனைவரும் ஒரே மூலத்தினர் எனக் கருதி, அவர்களைத் தமிழின் பெயரால் ‘டமூலியன்’ என அழைத்தார். போடோ, திமால் மொழிகள் திபெத்து-பர்மிய இனத்தவை என்பதே இன்றைய மொழியியல் முடிபு. இமயத்தின் அடிவாரக் குடிகள்வரை நமது பெயர் நீட்டப்பட்டது என்பதில் நாம் பெருமிதம் கொள்ள எதுவுமில்லை. நாம் இல்லாத இடத்தில் நம் பெயரால் எழுதப்பட்ட ஒரு கருதுகோள் அது. 1856இல் கால்டுவெல் ‘திராவிடம்’ என்ற சொல்லைத் தேர்ந்துகொண்ட சூழலை விளங்கவும் இதனை அறிதல் வேண்டும்.

எனினும் ஹொட்சனின் சொற்பட்டியல்கள் பயனற்றவையல்ல. எம்மொழிக் குடும்பத்தோடும் இணைக்கப்படாத குசுந்தா மொழிக்கு 1857இல் அவர் வெளியிட்ட பட்டியல் இன்றும் அரிய சான்றாக நிற்கிறது. அவரது கோட்பாடு வீழ்ந்தது. யாரோ ஒருவர் வாய்திறந்து சொன்ன சொற்கள் நிலைத்தன. அச்சொற்களைத் தாளில் பதித்த உழைப்பு அவருடையதே. அதனை மறுப்பதும் நேர்மையாகாது.

எனவே இத்தகைய ஆவணங்களை வாசிப்போர் ஒவ்வொரு தாளிலும் மூன்றைப் பிரித்தறிதல் வேண்டும்: கேட்டவர் யார், எதற்காகக் கேட்டார், விடையளித்தவர் எவ்வறிவிலிருந்து பேசினார். இப்பிரிப்பின்றிப் போற்றுவோரும் தூற்றுவோரும் ஹொட்சனை மட்டுமே காண்கின்றனர். அமிர்தானந்தரும் ராஜ்மான் சிங்கும் இருசாராராலும் ஒருங்கே மறக்கப்படுகின்றனர். குடியேற்றவாத ஆய்வைக் கண்டிக்க முற்படும் நாம், அது செய்த அதே மறைப்பை மீளவும் செய்தல் தகுமா என்பதே நம்முன் உள்ள வினா.