மன்னிப்பு ஆணுக்கு மட்டுந்தானா?

காஞ்சிக்கு மேற்கே, வேலூர் செல்லும் பெருவழியில், பாலுசெட்டி சத்திரத்தை அடுத்திருக்கிறது திருப்புட்குழி. புள் என்றால் பறவை. சீதையைக் காக்கப் போரிட்டுச் சிறகிழந்த சடாயுவுக்கு இராமன் ஈமக்கடன் செய்த இடம் என்று தலபுராணம் கூறுவதால் அவ்வூருக்கு அப்பெயர். ஒரு பெண்ணுக்காகப் பரிந்துவந்த பறவைக்கு ஓர் ஊரே நினைவுச்சின்னம்! நன்று. ஆனால் அதே ஊரோடு பிணைந்த வேறொரு கதையில் வரும் பெண்களுக்கு என்ன கிடைத்தது? பெயராவது கிடைத்ததா? அதைத்தான் இங்கே ஆராய விரும்புகிறோம்.

திருப்புட்குழியில்தான் யாதவப்பிரகாசர் என்ற வேதாந்த ஆசிரியரிடம் இளைஞர் இராமானுசர் பாடம் கேட்டார் என்று வைணவ மரபு கூறுகிறது. 1017இல் பிறந்தவர் என்று அம்மரபு கணக்கிடும் இராமானுசரின் வாழ்வை விரித்துரைப்பவை குருபரம்பரை நூல்கள். பின்பழகிய பெருமாள் சீயரின் ஆறாயிரப்படி அவற்றுள் பெயர் பெற்றது.

“புராணத்தை ஏற்காத நமக்கு அந்தக் கதைகளில் என்ன வேலை?” என்று தோழர்கள் கேட்கக்கூடும். வேலை இருக்கிறது. நடந்ததா, நடக்கவில்லையா என்பது ஒரு கேள்வி. யாரை எப்படிப் பேசினார்கள், யாரைப் பேசாமல் விட்டார்கள் என்பது மற்றொரு கேள்வி. முதற் கேள்விக்கு விடை கிடைக்காத இடத்திலும் இரண்டாவது கேள்விக்கு விடை கிடைக்கும். கதை பொய்யாக இருக்கலாம். கதை சொன்னவர்களின் மனம் பொய்யன்று.

கதையைப் பார்ப்போம். பாடத்தில் ஆசிரியர் சொன்ன பொருளை மாணவர் மறுக்கிறார். ஆசிரியருக்குச் சினம் மூள்கிறது. காசி யாத்திரை என்று அழைத்துச் சென்று, வழியிலேயே மாணவரைக் கொன்றுவிடத் திட்டமிடுகிறார். உறவினர் கோவிந்தர் எச்சரிக்க, இராமானுசர் தப்புகிறார். காட்டிலே வழிகாட்டுகின்றனர் ஒரு வேடனும் அவன் மனைவியும். வேடுவச்சி தண்ணீர் கேட்கிறாள். தண்ணீர் கொண்டுவருவதற்குள் மறைந்துவிடுகிறாள். வந்தவள் காஞ்சித் தாயாரே என்று கதை முடிகிறது. வழிகாட்டிய பெண் பெண்ணாகவே இருந்தால் பெருமை குறைந்துவிடும் போலும்! அவளைத் தெய்வமாக்கி, வேடுவச்சியை அழித்துவிட்டார்கள்.

அடுத்து ஓர் அரசன் மகள். பேய் பிடித்ததாம், ஆசிரியரால் ஓட்ட முடியவில்லையாம், மாணவர் தம் திருவடியை அவள் தலைமீது வைக்க, ஓடிற்றாம். அந்தப் பெண்ணின் நோய் என்ன, துயர் என்ன, பிறகு எப்படி வாழ்ந்தாள்? ஒன்றும் இல்லை. இரு ஆடவருள் யார் பெரியவர் என்று அளந்து காட்ட ஒரு தலை தேவைப்பட்டது. அந்தத் தலைக்குரியவளுக்குப் பெயர் தேவைப்படவில்லை.

மூன்றாமவர் யாதவப்பிரகாசரின் தாயார். மகன் செய்த கொடுமைக்குக் கழுவாய், இராமானுசரையே ஆசிரியராக ஏற்பதுதான் என்று இடித்துரைத்தவர் அவர். தாய் சொல் கேட்டு மகன் பணிந்தார். கோவிந்த சீயர் என்ற துறவுப் பெயரும் பெற்றார். துறவறம் பற்றி நூலும் எழுதினார். செருக்குற்ற ஒரு புலவரைத் திருத்திய அத்தாயின் பெயர் என்ன? கதை சொல்வோர் அவரை “யாதவர் தாயார்” என்பதோடு விட்டுவிட்டனர்.

நான்காமவளுக்குப் பெயர் உண்டு. இராமானுசரின் மனைவி தஞ்சமாம்பாள். தஞ்சம்மாள் என்றும் சொல்வர். பெயரிலே தஞ்சம் இருந்தது, வாழ்விலே இல்லை. அவள்மீது மூன்று குற்றச்சாட்டுகள். பார்ப்பனரல்லாத திருக்கச்சி நம்பி உணவுண்டு சென்றதும் இலையைக் கோலால் தள்ளி, இடத்தை மெழுகி, நீராடி, வேறு சமைத்தாள். பசித்து வந்தவருக்கு, சோறு இருக்கவே இல்லை என்றாள். கிணற்றடியில் பெரிய நம்பியின் மனைவியோடு குலப்பெருமை பேசிச் சண்டையிட்டாள். முடிவு? தந்தை அனுப்பியது போல ஒரு கடிதம் புனையப்பட்டது. திருமணம் என்று சொல்லி அவளைப் பிறந்தகத்துக்கு அனுப்பினார் கணவர். அவள் வாசலைத் தாண்டியதும் துறவு பூண்டார். அதன்பின் தஞ்சம்மாள் கதையில் இல்லை. திருமணம் எங்கே என்று தேடிச் சென்றவள் என்ன கண்டாள், எத்தனை ஆண்டுகள் வாழ்ந்தாள், ஒருவரும் கேட்கவில்லை.

இப்போது இரண்டு தீர்ப்புகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். கொலை செய்யத் திட்டமிட்ட ஆசிரியருக்கு மன்னிப்பு, அதன்மேல் சீடர் என்ற தகுதி, அதற்கும்மேல் புதுப்பெயர். தரையை மெழுகிய மனைவிக்கோ பொய்க் கடிதம்! அவளுக்கு ஓர் அறிவுரை, ஒரு வாய்ப்பு, ஒரு விளக்கம்கூட இல்லை. உயிர் பறிக்க எண்ணியவன் திருந்துவான் என்று நம்பிய நெஞ்சம், உடன் வாழ்ந்தவள் திருந்துவாள் என்று ஏன் நம்பவில்லை?

தீண்டாமை பார்த்தவளுக்கா நாம் வக்காலத்து வாங்குகிறோம் என்று ஐயுற வேண்டா. அவள் செய்தது தவறு. மறைக்கவோ மழுப்பவோ நாம் முன்வரவில்லை. ஆனால் அந்தத் தவறு அவள் கண்டுபிடித்ததா? மெழுகக் கற்றுக்கொடுத்தது யார்? குளித்துவிட்டுச் சமை என்று விதித்தது எந்த நூல்? அந்த நூல்களை எழுதியவர்கள், ஓதியவர்கள், உரை கண்டவர்கள் ஆடவர்கள். ஒரு சமுதாயத்தின் நோயை ஒருத்தியின் தலையில் ஏற்றி, அவளை வாசலுக்கு வெளியே அனுப்பிவிட்டால் வீடு தூய்மையாகிவிடுமா? சாதியைச் சாடுவது போல் தோன்றும் கதை, சாதி செய்த ஆடவரை விட்டுவிட்டு அடுக்களையில் நின்றவளை மட்டும் தண்டிக்கிறது. இதைத்தான் நாம் குறையென்கிறோம்.

இராமானுசரைச் சீர்திருத்தக்காரராகப் போற்றுவோர் நம் பக்கத்திலும் உண்டு. கலைஞர் 2015இல் தொலைக்காட்சித் தொடருக்காக அவர் கதையை எழுதினார். ஐதராபாத் அருகே முச்சிந்தலில் 2022இல் 216 அடி உயரச் சிலையும் எழுந்தது. ஒடுக்கப்பட்டோருக்குக் கதவு திறந்தவர் என்ற புகழை நாம் பறிக்க வரவில்லை. திறந்த கதவின் வழியே பலர் உள்ளே வந்தபோது, ஒருத்தி வெளியே அனுப்பப்பட்டாள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள் என்றுதான் கேட்கிறோம்.

அந்நூல்களில் போற்றப்படும் பெண்களே இல்லையா? உண்டு. 81 வாசகங்களை அடுக்கிப் பேசி இராமானுசரையே வியக்க வைத்த அறிவுடையாள் ஒருத்தி வருகிறாள். அவள் பெயர்? “திருக்கோளூர்ப் பெண்பிள்ளை.” ஊருக்குப் பெயர் இருக்கிறது, பேசியவளுக்கு இல்லை!

தமிழ் மண்ணில் வேறு வழக்கமும் இருந்தது. மணிமேகலைக் காப்பியத்தில் ஒரு பெண் பல சமயத்தாரின் கொள்கைகளைக் கேட்டு, எடைபோட்டு, காஞ்சிக்கு வந்து பசிப்பிணி தீர்க்கிறாள். ஆனால் இளம்பெண்ணாகச் சென்றால் யாரும் பொருள் உரைக்க மாட்டார்கள் என்பதால், வஞ்சியில் அவள் தவமுனிவன் வடிவு கொள்ள வேண்டியிருந்தது. சாத்தனாருக்கு நோய் தெரிந்திருக்கிறது!

கல்லும் செம்பும் ஏட்டைவிட நேர்மையானவை. காஞ்சிக் கயிலாசநாதர் கோயிலின் முன்னே வரிசையாக நிற்கும் சிறுகோயில்களுள் ஒன்றை எடுப்பித்தவள் பல்லவ அரசி அரங்கபதாகை என்று அங்குள்ள கல்வெட்டு பேசுகிறது. அவளுக்கும் முற்பட்டவள் சாருதேவி. இளவரசன் புத்தவர்மனின் தேவி. நிலக்கொடை அளித்துப் பிராகிருதத்தில் ஆணை பிறப்பித்தவள். அந்தச் செப்பேட்டுக்கு ஆய்வாளர் வழங்கிய பெயரோ, “பிரிட்டிஷ் அருங்காட்சியகச் செப்பேடு” என்பது! கொடுத்தவளை விட்டு, வைத்திருப்பவர்களின் பெயர்!

பழங்கதைதானே என்று விட்டுவிடலாமா? திருப்புட்குழிக்கே திரும்புவோம். அங்குள்ள மரகதவல்லித் தாயார் வறுத்த பயற்றை முளைக்கச் செய்பவள் என்பது நம்பிக்கை. பிள்ளைப்பேறு இல்லாத பெண், வறுத்து நனைத்த பயற்றை மடியில் கட்டிக்கொண்டு உறங்க வேண்டும். விடியலில் முளைத்திருந்தால் குழந்தை பிறக்குமாம். நன்றாக வறுபட்ட விதையில் உயிர்க்கரு இறந்துவிடுகிறது என்பது பள்ளிப் பாடம். அதனினும் பெரிய கேள்வி: மடியில் கட்டிக்கொள்பவள் ஏன் எப்போதும் மனைவி? பிள்ளையின்மைக்குக் காரணம் ஆணிடத்தும் இருக்கலாம் என்று மருத்துவம் மெய்ப்பித்திருக்கிறது. ஆனால் கணவன் மடியில் பயறு கட்டும் சடங்கு இல்லை. முளைக்காவிட்டால், பழி எவள்மீது விழும் என்பதைச் சொல்லவும் வேண்டுமா? தஞ்சம்மாளுக்குத் தீர்ப்பெழுதிய அதே மனந்தான், இங்கே பயற்றைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருக்கிறது.

மாற்று வழி ஒன்றே: பெண் தன் கதையைத் தானே எழுதுவது. மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் (1883–1962) அதைச் செய்தார். தேவதாசி முறையின் கொடுமையை உள்ளிருந்து கண்டவர், 1936இல் “தாசிகள் மோசவலை” என்று நாவலே எழுதி வெளியிட்டார். 1947இல் அம்முறையை ஒழிக்கும் சட்டம் வந்தது. அவர் எழுதாதிருந்தால், அவரையும் “யாரோ ஓர் அம்மாள்” என்று ஏடுகள் முடித்திருக்கும்.

தோழர்களே! காஞ்சியிலே பட்டுச் சேலைக்கு ஊரின் பெயர் இருக்கிறது. அதற்குத் தார் சுற்றிக் கொடுத்தவளின் பெயர் சேலையில் இல்லை. உங்கள் ஊர்ப் படிப்பகத்தில் ஒரு குறிப்பேடு திறந்து வையுங்கள். தறி வீட்டிலும் வயலிலும் உழைத்த முதியவளிடம் சென்று கேளுங்கள். அவள் சொல்வதை எழுதுங்கள். முதல் வரியில் அவள் பெயரை எழுதுங்கள். இன்னாரின் தாயார், இன்னாரின் மனைவி என்று எழுதிய காலம் போதும்!