நுண்துகளும் காந்தமும்: ஓர் ஆய்வுரையின் மதிப்பீடு

வங்காளதேசத்தில் குழாய்க் கிணற்று நீரிலுள்ள ஆர்சனிக் நஞ்சால் கோடிக்கணக்கானோர் இன்னலுக்கு ஆளாயினர். இரும்பு ஆக்சைடு இந்நஞ்சைத் தன் மேற்பரப்பில் பற்றிக்கொள்ளும். நஞ்சு ஏறிய தூளைக் காந்தத்தால் இழுத்து அகற்றிவிட்டால் நீர் தூய்மையாகும் அன்றோ? அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகக் குழுவினர் இதைச் சோதித்து, 2006-இல் 'சயன்ஸ்' இதழில் வெளியிட்டனர்.

அவர்கள் கையாண்டவை 12 நானோமீட்டர் விட்டமுள்ள மாக்னடைட்டுத் துகள்கள். இவற்றின் ஒரு கிராமுக்கு ஏறத்தாழ 96 சதுரமீட்டர் மேற்பரப்பு உண்டு. விட்டம் பத்து மடங்கானால் மேற்பரப்பு பத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். ஆகவே நஞ்சைப் பற்றுவதற்குச் சிறுமையே நன்று.

காந்தக் கணக்கோ நேர்மாறானது. துகளை இழுக்கும் விசை அதன் கனஅளவைப் பொறுத்தது. நீரின் தடை ஆரத்தைப் பொறுத்தது. எனவே வேகம் ஆரத்தின் இருமடிக்கு ஏற்ப அமையும். 120 நானோமீட்டர் துகளைவிட 12 நானோமீட்டர் துகள் நூறு மடங்கு மெதுவாகவே நகரும். அப்படியிருந்தும் மீட்டருக்கு 100 டெஸ்லாவுக்கும் குறைந்த புலச்சரிவில் துகள்கள் பிரிந்தன. எப்படி? காந்தப்புலத்தில் துகள்கள் ஒன்றையொன்று ஈர்த்துத் திரள்கின்றன. புலத்தை நீக்கினால் மீண்டும் பிரிகின்றன என்று ஆய்வாளர்களே விளக்குகின்றனர். இவ்வளவு சிறிய துகளில் காந்தத்தின் திசையை வெப்பமே ஓயாது புரட்டுவதால், புலம் நீங்கியபின் காந்தத்தன்மை எஞ்சுவதில்லை. இக்கருத்தை நீல் என்ற பிரெஞ்சு அறிஞர் 1949-இலேயே வகுத்தார்.

வியப்பான முடிவை அறிவித்ததோடு நில்லாமல் அதன் காரணத்தையும் தேடியதே இவ்வாய்வின் சிறப்பு. "சிறியதே சிறந்தது" என்று இதைச் சுருக்கிக் கூறுவோர் அந்தக் காரணத்தையே விட்டுவிடுகிறார்கள். வென்றது தனித்துகள் அன்று, திரள். இன்னொரு குறையும் உண்டு. கிணற்று நீரிலுள்ள பாஸ்பேட்டும் சிலிக்கேட்டும் ஆர்சனிக்கோடு இடத்துக்குப் போட்டியிடும். ஆய்வுக்கூடத்து வெற்றியை ஊர்க் கிணற்றின் வெற்றியாகக் கொள்வது தவறு.

திரளை முன்கூட்டியே கட்டி வைத்தால் என்ன? நுண்துளைத் துகள்களின் பொருள் இதுவே. 120 நானோமீட்டர் உருண்டையில் பாதி வெற்றிடம் என்க. காந்த விசை பாதியாகும். ஆயினும் 12 நானோமீட்டர் தனித்துகளைவிட ஐம்பது மடங்கு வேகமாக நகரும். நஞ்சைப் பற்றும் பரப்பை உள்ளே துளைகளின் சுவர்கள் தரும். ஆனால் துளை மிகக் குறுகினால் நீர் உள்ளே புக நேரமாகும். சுவர் மிக மெலிந்தால் மேற்பரப்பு அணுக்களின் காந்தத்திசை ஒழுங்கு குலைந்து காந்தவலிமை குன்றும். இலவசமாக எதுவும் கிடைப்பதில்லை.

மாணவர்களே, "காந்த இரும்பு ஆக்சைடு" பற்றிய கட்டுரையைப் படிக்கும்போது மூன்று கேள்விகள் கேளுங்கள். எந்த ஆக்சைடு? பருப்பொருளாக மாக்னடைட்டின் காந்தமாக்கம் கிராமுக்கு 92 அலகு. ஹேமடைட்டுக்கு ஓர் அலகுகூட இல்லை. எவ்வளவு நீரில், எத்தனை நிமிடத்தில் தூள் பிரிந்தது? சோதித்தது வாலைநீரா, கிணற்று நீரா? கண்ணாடிக் குப்பியின் ஓரத்தில் கருந்தூள் ஒட்டி நிற்கும் படம் இவற்றுக்கு விடையாகாது.