எழுத்தும் அதிகாரமும்: ஹ்மொங், அம்ஹாரிக் மொழிகளை முன்வைத்து ஒரு நோக்கு

மொழிகளை ஒப்பிடுதல் என்றதும் இனமொழிகளை ஒப்பிடுதலே நம் நினைவுக்கு வருகின்றது. 1856 இல் கால்டுவெல் வெளியிட்ட ஒப்பிலக்கணம் நம்மிடையே ஏற்படுத்திய பழக்கம் அது. ஹ்மொங், அம்ஹாரிக் ஆகிய இரண்டுக்கும் அத்தகைய உறவு எதுவுமில்லை. ஒன்று தென்சீனத்திலிருந்து வியற்நாம், லாவோஸ், தாய்லாந்து ஆகியவற்றின் மலைப்புறங்கள் வரை பரந்துள்ள ஹ்மொங்-மியென் குடும்பத்தைச் சார்ந்தது. மற்றையது எதியோப்பிய உயர்நிலத்துச் செமித்திய மொழி. முன்னையதில் சொற்கள் பெரும்பாலும் ஓரசையின. காலமோ இடமோ காட்டும் விகுதிகள் இல்லை. தொனி மாறப் பொருள் மாறும். பின்னையதில் பெரும்பாலும் மூன்று மெய்களாலான வேரினுள் உயிர்கள் புகுந்து சொல்லை ஆக்குகின்றன. இவ்வேறுபாடுகளை நிரைப்படுத்துவதால் பெறப்படுவது சிறிதே. ஆனால் இவை எழுத்தைப் பெற்ற வரலாற்றை ஒருங்கே நோக்குமிடத்து, எழுத்துப் பற்றி ஐயமின்றி ஏற்றுக்கொள்ளப்பட்ட சில கருத்துகள் ஆட்டங்காணுகின்றன.

அவற்றுள் முதன்மையானது ஐ. ஜே. கெல்ப் 1952 இல் எழுத்தின் வரலாறு பற்றிய தமது நூலில் நிலைநாட்ட முயன்ற கொள்கை. சொல்லெழுத்து, அசையெழுத்து, ஒலியெழுத்து என எழுத்து ஒரே திசையில் வளரும்; இடைப்பட்ட கட்டம் எதுவும் தாண்டப்படமாட்டாது என்பது அதன் சாரம்.

அம்ஹாரிக் எழுதப்படும் ஃபிதெல், கீஸ் மொழிக்காக எழுந்தது. தென்னரபிய எழுத்தின் வழிவந்த அது தொடக்கத்தில் மெய்களை மட்டுமே குறித்தது. கி.பி. 4ஆம் நூற்றாண்டில், அக்சும் மன்னன் ஏசானாவின் காலத்தை அண்டி, ஒவ்வொரு மெய்யும் ஏழு உயிர்களுக்கேற்ப ஏழு வடிவம் பெற்றது. அம்ஹாரிக்கில் அடிப்படை எழுத்துகள் 33, வடிவங்கள் 231. உயிர்மெய் வரிசையைப் பயின்ற தமிழ் வாசகருக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. கெல்பின் ஏணியில் இதற்கு இடமில்லை. மெய்யெழுத்திலிருந்து புறப்பட்டது, உயிரைத் தனித்து எழுதும் நெடுங்கணக்கை நோக்கிச் செல்லாது உயிரும் மெய்யும் ஒட்டிய வடிவத்தை அடைந்து, பதினாறு நூற்றாண்டுகளாக அங்கேயே நிலைத்துள்ளது. செமித்திய மெய்யெழுத்துகளையும் அசையெழுத்துகளாகவே கொண்டு கெல்ப் தமது கொள்கையைக் காக்க முயன்றார். அது சான்றைக் கொள்கைக்கேற்ப வளைப்பதாகும்.

ஃபிதெல் குறையற்றதன்று. மெய் இரட்டித்தலை அது காட்டுவதில்லை. 'அவன் சொன்னான்' எனப் பொருள்படும் 'அல', 'உண்டு' எனப் பொருள்படும் 'அல்ல' ஆகிய இரண்டும் ஒரே விதமாகவே எழுதப்படும். கீஸ் மொழியில் வேறுபட்டிருந்து அம்ஹாரிக்கில் ஒன்றாகிவிட்ட ஒலிகளுக்குப் பழைய எழுத்துகள் இன்றும் பேணப்படுகின்றன. பேச்சைவிடத் திருச்சபையின் ஏடு வலியதாயிருந்தமைக்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

ஹ்மொங் எழுத்தின் வரலாறு முற்றிலும் வேறு. 1951-53 காலப்பகுதியில் லாவோஸில் வில்லியம் ஸ்மாலி, லின்வுட் பானி, இவ் பெர்த்ரே ஆகிய மிஷனரிமார் ஹ்மொங் மக்கள் சிலரது துணையுடன் உரோமன் எழுத்துமுறையொன்றை வகுத்தனர். ஹ்மொங் என்னும் பெயரை அதில் எழுதும்போது இறுதியில் நிற்கும் 'பீ' மெய்யொலியன்று, உயர்தொனியின் குறி. மொழியில் இறுதிமெய்கள் அரிதாதலால், பயனற்றுக் கிடந்த எழுத்துகளைத் தொனிக்கு ஆக்கிக்கொண்டமை கெட்டித்தனமானதே.

ஆயினும் 1959 இல், பள்ளிக்கல்வி பெறாத ஷொங் லூ யாங் என்னும் குடியானவர் வேறோர் எழுத்தை வெளிப்படுத்தினார். பஹாவ் எனப்படும் அதில் ஓர் அசைக்கு இரு குறிகள்: ஒன்று தொனியோடு கூடிய உயிர், மற்றையது முதல்மெய். உயிர் இடப்புறம் முதலில் எழுதப்படும். வாசிக்கையில் மெய்யே முன்வரும். நமது கொம்பு மெய்யின் முன் நின்று பின் ஒலிப்பதை ஒப்ப இது தோன்றலாம். ஆனால் பஹாவில் உயிரே தலைமையானது. தமிழ் முதலியவற்றில் அகரம் மெய்யினுள் அடங்கி நிற்பதற்கு மறுதலையாக, இங்கு ககரமெய் எழுதப்படாமலே உணரப்படுகின்றது. 1971 வரை அவர் அதனை நான்கு வடிவங்களாகத் திருத்தினார். தொனிக்குறிகள் படிப்படியே ஒழுங்குபட்டன. எழுத்து என ஒன்றுண்டு என்பதை அவர் அறிந்திருந்தார் என்பது உண்மையே. எனினும் இத்தகைய பகுப்பை அவர் கண்டு பின்பற்றக்கூடிய மாதிரி அயலில் இருக்கவில்லை. கட்டங்களைத் தாண்டலாகாது என்ற விதி இங்கு வலுவிழக்கின்றது.

உரோமன் முறையை வகுத்தவருள் ஒருவரான ஸ்மாலியே, இரு ஹ்மொங் ஆசிரியருடன் சேர்ந்து 1990 இல் பஹாவ் பற்றி விரிவான நூலொன்றை வெளியிட்டார். தமது முறைக்குப் போட்டியான எழுத்தை இத்துணை மதிப்புடன் ஆராய்ந்த நேர்மை பாராட்டத்தக்கது. எனினும் அந்நூலின் துணைத்தலைப்பு பஹாவை மீட்பர் நம்பிக்கை சார்ந்த எழுத்து என வகைப்படுத்துவது மறுபரிசீலனைக்குரியது. ஷொங் லூ தமக்கு எழுத்துத் தெய்வத்தால் அருளப்பட்டது என்றார், உண்மை. அச்சகமோ பாடசாலையோ அரச ஆணையோ இல்லாத ஒருவர் தம் எழுத்துக்கு அதிகாரம் கோர வேறெம்மொழியில் பேசியிருத்தல் கூடும்? உயிர்க்குறிகள் பெற்ற ஃபிதெல் நிலைபேறடைந்ததும், கிறித்தவத்தைத் தழுவிய அரசன் ஒருவனது காலத்தை ஒட்டியே. அதனை எவரும் மீட்பர் எழுத்து என்பதில்லை. அங்கே மதம் அரியணையில் இருந்தது. இங்கே மலைக்குடியானவரிடம் இருந்தது. வேறுபாடு அவ்வளவே. போரிட்ட இரு தரப்பாரும் ஷொங் லூவை ஐயுற்றனர். 1971 இல் அவர் கொல்லப்பட்டார்.

அரியணையின் எழுத்து எவ்வாறு செயற்பட்டது என்பதும் நோக்கற்பாலது. 1944 ஆம் ஆண்டு ஆணை மிஷன் பாடசாலைகளில் அம்ஹாரிக்கைப் போதனாமொழியாக்கியது. 1955 ஆம் ஆண்டு யாப்பு அதனை உத்தியோக மொழியென விதித்தது. 1974 இல் மன்னராட்சி வீழ்ந்தபின் 1979 இல் தொடங்கிய எழுத்தறிவு இயக்கம் 15 மொழிகளில் நடைபெற்றது. முற்போக்கான செயல் என்பதில் ஐயமில்லை. ஆனால் எழுத்து மட்டும் யாவற்றுக்கும் ஃபிதெல்லாகவே இருந்தது.

1991 இல் அவ்வாட்சியும் வீழ்ந்தவுடன் ஒரோமோ மக்கள் இலத்தீன் எழுத்தைத் தெரிந்தனர். ஒரோமோவின் குறில் நெடிலையும் இரட்டித்தலையும் ஃபிதெல் செவ்வனே காட்டாது என்பது அதற்குக் கூறப்படும் மொழியியற் காரணம், தவறன்று. ஆனால் ஒனேசிமோஸ் நெசிப் 1899 இல் விவிலியம் முழுவதையும் ஒரோமோவில் வெளியிட்டது ஃபிதெல்லிலேயே. குறிலும் நெடிலும் அன்றும் இருந்தன.