இந்த ஊசி எதுவரை?

எடை குறைக்கும் வார ஊசிகளைப் பற்றி எங்கே பேச்சு எழுந்தாலும், எத்தனை கிலோ குறைந்தது என்பதோடு அது முடிந்துவிடுகிறது. குறைந்த பிறகு என்ன செய்வது என்று கேட்பவர்கள் குறைவு. மருத்துவர்கள் அதற்கு வைத்திருக்கும் பதில் 'பராமரிப்பு டோஸ்'. அதாவது, வேண்டிய எடைக்கு வந்த பின்பும், அந்த எடை ஏறாமல் இருக்க வாரம் ஒரு ஊசியைத் தொடர்ந்து போட்டுக்கொள்வது. எத்தனை காலத்துக்கு என்று கேட்டால், முடிவுத் தேதி எதுவும் கிடையாது. 2025 மார்ச்சில் மவுன்ஜாரோவும் ஜூனில் வெகோவியும் இந்தியக் கடைகளுக்கு வந்தன. அந்த முதல் அலையில் தொடங்கியவர்களில் பலர், இதற்குள் எடை குறைந்து, இந்தக் கேள்வியின் முன் வந்து நின்றிருப்பார்கள். ஊசியைத் தொடர்வதற்கான மருத்துவ நியாயம் வலுவானது. ஆனால் நம்மிடையே அது தொடரப்படும் விதத்துக்கு அந்த நியாயம் பெரும்பாலும் பொருந்துவதில்லை என்பது என் கணிப்பு.

முதலில் நியாயத்தைப் பார்ப்போம். வெகோவியில் இருக்கும் மருந்து செமகுளூட்டைடு. அதை நிறுத்தினால் என்ன ஆகும் என்பதை 2021இல் வெளிவந்த 'ஸ்டெப்-4' ஆய்வு சோதித்தது. 20 வாரம் ஊசி போட்டுச் சராசரியாக 10.6 சதவீதம் எடை குறைந்திருந்த 803 பேரை இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு மருந்து தொடர்ந்தது, மற்றொன்றுக்கு மருந்தில்லாத வெற்று ஊசி. உணவு, உடற்பயிற்சி ஆலோசனைகள் இரு தரப்புக்கும் ஒன்றுதான். அடுத்த 48 வாரங்களில் மருந்து தொடர்ந்தவர்களுக்கு எடை மேலும் 7.9 சதவீதம் இறங்கியது. வெற்று ஊசி போட்டவர்களுக்கு 6.9 சதவீதம் ஏறியது. மவுன்ஜாரோவில் உள்ள டிர்செபடைடுக்கும் இதே கதைதான். 'சர்மவுன்ட்-4' ஆய்வில், 36 வாரத்தில் 20.9 சதவீதம் எடை குறைந்திருந்தவர்களிடம் மருந்தை நிறுத்தியபோது ஓராண்டில் 14 சதவீதம் திரும்பி ஏறியது. நிறுத்தாதவர்களுக்கு இன்னும் ஐந்தரை சதவீதம் இறங்கியது.

இதைக் கண்டு, "ஊசி போட்ட காலத்தில் வாயைக் கட்டப் பழகவில்லை, அதனால்தான்" என்று சொல்பவர்கள் உண்டு. அவர்கள் 2011இல் மெல்போர்னில் நடந்த ஓர் ஆய்வைப் பார்க்க வேண்டும். மருந்தே இல்லாமல், பத்து வார உணவுக் கட்டுப்பாட்டால் மட்டும் எடை குறைத்தவர்களின் இரத்தத்தில், ஓராண்டு கழித்தும் பசியைத் தூண்டும் ஹார்மோன்கள் கூடுதலாகவும், வயிறு நிறைந்ததைச் சொல்லும் ஹார்மோன்கள் குறைவாகவும் இருந்தன. உடல் தன் பழைய எடையைத் திரும்பப் பெற இடைவிடாமல் முயல்கிறது. ஊசி அந்த முயற்சியை அடக்கி வைக்கிறதே தவிர, அழிப்பதில்லை. மருந்து உடலைவிட்டு வெளியேறினால் பசி திரும்புவது இயல்பு. அதைக் குணக்கேடாகப் பார்ப்பது அறியாமை.

நியாயத்தின் இன்னொரு தூண் இதயம். 'செலக்ட்' என்ற ஆய்வில் 17,604 பேர் கலந்துகொண்டார்கள். எல்லோரும் 45 வயதைத் தாண்டியவர்கள். அதிக எடையும் இதய, இரத்தக்குழாய் நோயும் உள்ளவர்கள். சர்க்கரை நோய் இல்லாதவர்கள். செமகுளூட்டைடு போட்டவர்களிடம் மாரடைப்பு, பக்கவாதம், இதயநோய் மரணம் ஆகிய மூன்றும் சேர்ந்து 20 சதவீதம் குறைந்தன. நான்காண்டுக் கடைசியிலும் அவர்களின் எடை சுமார் 10 சதவீதம் குறைந்தே இருந்தது. ஏற்கெனவே ஒருமுறை மாரடைப்பு வந்த ஒருவரிடம், "எடை குறைந்துவிட்டதே, ஊசியை நிறுத்திவிடலாமா?" என்ற பேச்சுக்கே இடமில்லை. அவருக்கு அது எடை மருந்து என்பதைவிட இதய மருந்து.

தொடரச் சொல்லும் மருத்துவர்கள் வழக்கமாக எடுத்து வீசும் வாதம் பிரஷர் மாத்திரை. "பிரஷர் நார்மலுக்கு வந்துவிட்டது என்று மாத்திரையை நிறுத்துவீர்களா? இதுவும் அப்படித்தான்." கேட்க எடுப்பாக இருக்கிறது. பாதி தூரம் வரை உண்மையும்கூட. மீதிப் பாதியில்தான் இடிக்கிறது. பிரஷர் மாத்திரை தினம் சில ரூபாயில் கிடைக்கிறது, பல பத்தாண்டுகளாகப் புழக்கத்தில் இருப்பது. வார ஊசிகளின் மருந்துக் குடும்பம் நேற்று முளைத்ததல்ல என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அதன் முதல் மருந்தான எக்ஸெனடைடு 2005இலேயே சர்க்கரை நோய்க்கு அனுமதி பெற்றது. ஆனால் எடைக்காகத் தரப்படும் வார ஊசிகளின் உயர் டோஸில், சர்க்கரை நோய் இல்லாதவர்களிடம், கையில் இருக்கும் அனுபவம் நான்கைந்து ஆண்டுதான். முப்பத்தைந்து வயதில் ஊசி தொடங்குபவரிடம் நாம் கேட்பதோ முப்பது ஆண்டுக் கடப்பாடு.

பிரஷர் மாத்திரையோடு இன்னொரு வேறுபாடும் உண்டு. அது தசையைக் குறைப்பதில்லை.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டியிருக்கிறது. எடை எந்த வழியில் குறைந்தாலும் கொழுப்போடு தசையும் சேர்ந்தே போகும். செமகுளூட்டைடின் முதல் பெரிய ஆய்வில் ஸ்கேன் எடுத்துப் பார்க்கப்பட்ட சிறு குழுவில், குறைந்த எடையில் ஏறத்தாழ 40 சதவீதம் கொழுப்பல்லாத திசு. டிர்செபடைடு ஆய்வில் அது கால் பங்கு. பருமனான ஐரோப்பியருக்கு இது பெரிய இழப்பாக இல்லாமல் இருக்கலாம். நமக்குத் தசை முதலிலேயே குறைவு. பார்க்க ஒல்லி, வயிற்றில் மட்டும் கொழுப்பு, சின்ன வயதிலேயே சுகர் என்கிற இந்திய உடல்வாகைப் புனே மருத்துவர் சித்தரஞ்சன் யாக்னிக் நீண்ட காலமாகச் சுட்டிக்காட்டி வருகிறார். சென்னை மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் ஐ.சி.எம்.ஆருடன் நடத்தி 2023இல் வெளியிட்ட நாடு தழுவிய ஆய்விலும், பொதுப் பருமன் உள்ளவர்கள் 28.6 சதவீதம் என்றால், வயிற்றுப் பருமன் உள்ளவர்கள் 39.5 சதவீதம். இப்படிப்பட்ட உடலில் பசியையும் அடக்கினால், தட்டில் முதலில் குறைவது எது? நம் வீடுகளில் நான்கு இட்லி இரண்டாகிறது, சாம்பார் பாதியாகிறது, முட்டையும் சுண்டலும் "இப்ப வேணாம்" என்று ஒதுங்குகின்றன. ஏற்கெனவே குறைவாக இருந்த புரதம் இன்னும் குறைகிறது. எடை இயந்திரத்துக்கு இது தெரியாது. அது இறங்கிய எண்ணைக் காட்டும், எல்லோரும் பாராட்டுவார்கள்.

ஊசியை நிறுத்தியபின் ஏறும் எடையில் பெரும்பகுதி கொழுப்பாகவே ஏறும். போன தசை உழைக்காமல் திரும்பாது. பணம் இருக்கும்போது நான்கு மாதம், இல்லாதபோது விட்டுவிட்டு, உறவில் கல்யாணம் வந்தால் மறுபடி நான்கு மாதம் என்று போட்டுக்கொள்பவர், சில சுற்றுகளில் பழைய எடையிலேயே கூடுதல் கொழுப்போடும் குறைந்த தசையோடும் நிற்க நேரலாம். விட்டு விட்டுப் போடுவதைவிட, தொடங்காமலே இருப்பது மேல் என்று நான் நினைப்பது இதனால்தான்.

டென்மார்க்கில் நடந்த ஓர் ஆய்வு வேறொரு வாசலைத் திறந்து காட்டுகிறது. இதே குடும்பத்தின் பழைய தினசரி ஊசியான லிராகுளூட்டைடை ஓராண்டு போட்டவர்களில், கூடவே முறையான உடற்பயிற்சியும் செய்தவர்கள், எல்லாவற்றையும் நிறுத்தி ஓராண்டு ஆனபிறகும், ஊசி மட்டும் போட்டவர்களைவிடக் குறைவான எடையையே திரும்பப் பெற்றிருந்தார்கள். சிறிய ஆய்வுதான். ஆனாலும் பராமரிப்பு என்பது சிரிஞ்சுக்குள் மட்டும் இல்லை என்பதற்கு இது போதும். எடை தூக்கும் பயிற்சியையும் புரதக் கணக்கையும் எழுதித் தராமல் ஊசியை மட்டும் புதுப்பித்துத் தரும் சீட்டு, என் பார்வையில், பாதிச் சிகிச்சை.

அடுத்தது டோஸ். பலரும் குழம்பும் இடமும் இதுதான். ஆய்வுகளில் பராமரிப்பு என்பது, தாங்கக்கூடிய உச்ச டோஸிலேயே தொடர்வது. வெகோவிக்கு 2.4 மில்லிகிராம்; ஸ்டெப்-4இல் காப்பாற்றியது அந்த அளவுதான். நடைமுறையில் நடப்பது வேறு. குறைந்த டோஸுக்கு இறங்குவது, ஏழு நாள் ஊசியைப் பத்து நாளுக்கு, பதினைந்து நாளுக்குத் தள்ளுவது, இன்சுலின் சிரிஞ்சில் யூனிட் எண்ணி மருந்தைப் பங்கு போடுவது. இவற்றில் முதலாவதற்கு அறிவியல் இடம் தருகிறது. டிர்செபடைடின் முதல் பெரிய ஆய்வில் 5 மில்லிகிராம் போட்டவர்களுக்கே 15 சதவீதம் எடை குறைந்தது. 15 மில்லிகிராமுக்கு ஏறத்தாழ 21 சதவீதம். டோஸ் மும்மடங்கானாலும் பலன் மும்மடங்காகவில்லை. ஆக, குறைந்த டோஸில் பக்கவிளைவு இல்லாமல் எடை நிற்கிற ஒருவரை உச்சத்துக்குத் தள்ள வேண்டியதில்லை. இடைவெளியை நீட்டுவதற்கோ அத்தகைய பெரிய ஆய்வுகளின் துணை இல்லை. செமகுளூட்டைடின் அளவு உடலில் பாதியாக ஏறக்குறைய ஒரு வாரமாகும். டிர்செபடைடுக்கு ஐந்து நாள். பதினைந்தாம் நாளில் என்ன மிஞ்சும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம். ஒருமுறைக்கான குப்பியைத் திறந்து மிச்சம் வைத்து மறுவாரம் போடுவது தொற்றை விலைக்கு வாங்குவது.

இந்தச் சில்லறை வேலைகள் எல்லாவற்றுக்கும் பின்னால் இருப்பது விலை. இந்தியாவில் அறிமுகமானபோது மவுன்ஜாரோவின் 2.5 மில்லிகிராம் குப்பி 3,500 ரூபாய், 5 மில்லிகிராம் 4,375 ரூபாய். பின்னதை ஆண்டு முழுக்கப் போட்டால் 2,27,500 ரூபாய். அதனால் 2.5 மில்லிகிராமிலேயே நின்றுவிடுகிறவர்கள் உண்டு. அது உடலைப் பழக்குவதற்கான தொடக்க டோஸ், பராமரிப்புக்கென்று வகுக்கப்பட்டதல்ல. செமகுளூட்டைடின் இந்தியக் காப்புரிமைக் காலம் 2026 மார்ச் வரைதான் என்பதால் உள்நாட்டு நிறுவனங்களின் மலிவு ஊசிகளுக்கு வழி பிறந்தது. இது நல்ல செய்தி. பணமில்லாததால் பாதியில் நிறுத்துகிறவர்கள் குறைவார்கள். ஆனால் மலிவான ஊசியை யோசிக்காமல் தொடங்குகிறவர்களும் கூடுவார்கள்.

விலை மட்டும்தான் தடை என்றும் சொல்ல முடியாது. அமெரிக்காவில் சுமார் 1,25,000 பேரின் மருத்துவப் பதிவுகளை அலசி 2025இல் வெளியான ஆய்வில், சர்க்கரை நோய் இல்லாதவர்களில் ஏறத்தாழ 65 சதவீதம் பேர் ஓராண்டுக்குள் ஊசியை விட்டிருந்தார்கள். குமட்டல், மலச்சிக்கல், சலிப்பு, காப்பீடு என்று காரணங்கள் பல. ஆய்வுக்கூடத்தில் பராமரிப்பு ஜெயிக்கிறது, வீட்டில் தோற்கிறது. அரசுகளுக்கும் தெளிவில்லை. பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2023இல் வெகோவியைப் பரிந்துரைத்தபோது அதிகபட்சம் இரண்டு ஆண்டு என்று வரம்பு கட்டியது. பருமனை நாள்பட்ட நோய் என்று சொல்லிவிட்டு, அதன் மருந்துக்கு மட்டும் இரண்டாண்டுக் கெடு வைப்பது எந்த ஊர் நியாயமோ!

நீண்ட காலம் போடுகிறவர்களிடம் ஒரு மறதியும் சேர்ந்துகொள்கிறது. வாரம் ஒருமுறை என்பதால் அது மருந்தாகவே மனதில் பதிவதில்லை, அறுவை சிகிச்சைக்குப் போகும்போது "என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்?" என்று கேட்டால் ஊசியைச் சொல்ல விட்டுப்போகிறது. இந்த மருந்து இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்துகிறது; வெறும் வயிறு என்று நம்பி மயக்க மருந்து கொடுத்தால், உள்ளே தங்கிய உணவு நுரையீரலுக்குள் போகும் ஆபத்து உண்டு. கர்ப்பத்துக்குத் திட்டமிடும் பெண்கள் செமகுளூட்டைடைக் குறைந்தது இரண்டு மாதம் முன்பே நிறுத்த வேண்டும். டிர்செபடைடு கருத்தடை மாத்திரையின் வேலையைக் குறைக்கலாம். பித்தப்பைக் கல்லும் இந்த ஊசிகளுடன் கூடுதலாகக் காணப்படுவது. இவையெல்லாம் தொடக்க நாளில் ஒருமுறை சொல்லப்பட்டு, இரண்டாம் ஆண்டில் யாரும் நினைவூட்டாமல் போகும் சங்கதிகள்.

என் தீர்ப்பு இது. மாரடைப்பு வந்தவர்கள், பருமனோடு சர்க்கரை நோயும் உள்ளவர்கள், எடையால் மூட்டோ மூச்சோ சிதைந்தவர்கள் ஊசியைத் தொடரட்டும். வெட்கப்பட ஒன்றுமில்லை, பலன் நிற்கிற குறைந்த டோஸில், தசையைக் கவனித்துக்கொண்டு. இந்த ஊசிகளின் முக்கிய ஆய்வுகளில் சேர்க்கப்பட்டவர்கள் பிஎம்ஐ எனும் உயர-எடைக் கணக்கில் 30ஐத் தொட்டவர்கள், அல்லது 27ஐத் தொட்டு எடை சார்ந்த நோயும் உள்ளவர்கள். பிஎம்ஐ 24இல் இருந்துகொண்டு ஆறு கிலோ குறைக்க ஆசைப்படுகிறவருக்குப் பராமரிப்பு டோஸ் என்ன செய்யும் என்பதற்கு அந்த ஆய்வுகளில் பதில் இல்லை. அவர் தொடங்கவே வேண்டாம். மருத்துவர்களிடம் கேட்டுக்கொள்வது ஒன்று: எடை குறைந்த பிறகு எந்த டோஸ், எவ்வளவு செலவு, எதை அளந்து பார்ப்போம், எப்போது நிறுத்துவோம் என்பதை முதல் ஊசிக்கு முன்பே சீட்டில் எழுதிக் கொடுங்கள். எழுதித் தராவிட்டால், நோயாளிகளே, கேட்டு வாங்குங்கள்.