கழிமுகத்தில் ஓர் ஓய்வில்லம்

பிழைப்பின் பொருட்டுத் தூர தேசங்களுக்குச் சென்று, அங்கேயே குடும்பமும் உத்தியோகமுமாக நிலைத்துவிட்டவர்கள், கையில் சிறிது பொருள் சேர்ந்தவுடன் தாய்நாட்டில் ஆற்றங்கரையிலோ கடலோரக் கழியின் ஓரத்திலோ ஒரு வீட்டை வாங்கிப் பூட்டி வைத்து, ஆண்டில் சில வாரங்கள் வந்து தங்கி இளைப்பாறிப் போகும் வழக்கம் இன்று நம்மிடையே பரவலாகிவிட்டது. சென்னைக்குத் தெற்கே உத்தண்டி, முட்டுக்காடு, கோவளம் என்று தொடங்கிய அந்த மோகம், தெற்கில் நிலத்தின் விலை எட்டாக்கனியான பிறகு, வடக்கே மீஞ்சூர், பொன்னேரி, பழவேற்காடு என்று கண் வைக்கத் தொடங்கியிருக்கிறது. இதை வெறும் ஆடம்பரம் என்று தள்ளிவிடுவதும் எளிது. மண்பற்று என்று போற்றிவிடுவதும் எளிது. இரண்டுமே விஷயத்தின் பாதியை மட்டும் தொடுவன ஆகையால், இவ்வழக்கத்தின் குணத்தையும் குற்றத்தையும் நாடி, அவற்றுள் மிகை எதுவென்று நிதானமாகப் பார்ப்பது பிரயோஜனமுடையது.

அப்படிப் பார்ப்பதற்கு எண்ணூரைவிடப் பொருத்தமான ஸ்தலம் கிடைப்பது அரிது. 1708-இல் நவாப் தாவூத்கான் ஆங்கிலக் கம்பெனியாருக்கு அளித்த ஐந்து கிராமங்களில் திருவொற்றியூரும் கத்திவாக்கமும் அடங்கியிருந்தன. அந்தக் கத்திவாக்கத்தை ஒட்டி, கொசஸ்தலை ஆறு கடலோடு கலக்குமிடத்தில் ஒரு பக்கம் உப்பங்கழியும் மறுபக்கம் கடலுமாகக் கிடந்த மணல்திட்டே, சென்னையில் குடியேறியிருந்த ஐரோப்பியர்களுக்கு விருப்பமான உல்லாச வாசஸ்தலமாயிற்று. கோட்டையின் புழுக்கமும் கருப்பர் பட்டணத்தின் நெரிசலும் தாங்காமல், கடற்காற்றுக்கும் படகோட்டத்துக்கும் மீன்பிடிப்புக்கும் ஆசைப்பட்டு, அவர்கள் இங்கே பங்களாக்கள் கட்டிக்கொண்டார்கள். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பேசில் காக்ரேன் என்னும் வணிகர் வெட்டுவித்த கால்வாய் பட்டணத்தையும் எண்ணூரையும் இணைத்தது. அதுவே பின்னர் வளர்ந்து பக்கிங்காம் கால்வாய் என்று பெயர் பெற்றது. வந்தேறிய சமூகம் ஒன்று நீர்க்கரையில் ஓய்வில்லம் தேடிய கதைக்கு நம் நாட்டில் இதைவிடப் பழைய எடுத்துக்காட்டுகள் அதிகமில்லை.

அந்தப் பங்களாக்காரர்களின் மோகம் நிலைக்கவில்லை. நீலகிரியின் குளிர்ச்சி தெரிய வந்ததும் ஓய்வை நாடியவர்களின் பார்வை மலைப்பக்கம் திரும்பியது. எண்ணூர் உப்பளத்துக்கும் மீனவர் குப்பங்களுக்கும் உரியதாகவே மிஞ்சிற்று. பிறகு இருபதாம் நூற்றாண்டு அதை வேறுவிதமாக ஆண்டது. நாடு விடுதலை பெற்ற கையோடு மோட்டார் வண்டித் தொழிற்சாலை வந்தது. 1970-இல் அனல்மின் நிலையம் வந்தது. 2001-இல் புதிய துறைமுகம் திறக்கப்பட்டது. கழிக்கு வடகரையிலே மற்றொரு பெரிய அனல்மின் நிலையம் எழுந்து, அதன் சாம்பற்குழம்பு குழாய்களிலிருந்து கசிந்து ஆற்றின் மடியில் படிந்தது. விரும்பியபோது வந்து, வேண்டாதபோது விட்டுச் செல்லக்கூடியவனாய் வெள்ளைக்காரன் இருந்தான். விட்டுச் செல்ல முடியாதவர்கள் அங்கேயே இருந்தார்கள். இவ்வழக்கத்தைப் பற்றிய என் வாதம் முழுவதும் இந்த வேற்றுமையைச் சுற்றியே அமைகிறது.

முதலில் இதன் நன்மைகளை ஒளிவுமறைவின்றி ஒப்புக்கொள்வோம். துபாயிலும் சிங்கப்பூரிலும் டொரான்டோவிலும் உழைப்பவனுக்கு ஊரில் ஒரு வீடு என்பது வட்டிக் கணக்கில் அடங்காத ஆறுதல். பிள்ளைகள் தாத்தா பாட்டியின் பேச்சைக் காதால் கேட்பதற்கும், திருவொற்றியூர்த் தியாகராஜர் சந்நிதியில் நின்று தம் குடியின் பூர்வோத்தரம் அறிவதற்கும், விடுதி அறையைக் காட்டிலும் சொந்தத் திண்ணை அதிக உதவி செய்யும். கொத்தனார், தச்சர், காவற்காரர், தோட்டவேலை செய்பவர் ஆகியோருக்கு அந்தப் பணம் கூலியாகச் சேர்கிறது. நீர்க்கரையில் சொத்துடையவன் அந்த நீர் கெடும்போது வாய் திறக்கிறான் என்பதும், அவன் குரலுக்கு அதிகாரிகள் சற்று விரைவாகச் செவிசாய்க்கிறார்கள் என்பதும் கசப்பான உண்மைகளே ஆயினும் உண்மைகளே. இவற்றையெல்லாம் மறந்து, ஓய்வில்லம் வாங்குவோர் அனைவரையும் செல்வச் செருக்கர் என்று வைவது நியாயமாகாது.

ஆனால் குற்றங்கள் என்று வரும்போது, அவற்றுள் தலையாயது காலத்தைப் பற்றியது. சென்னை வட்டாரத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது; அதில் பாதிக்கு மேற்பட்டது அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதங்களுக்குள் கொட்டித் தீர்த்துவிடுகிறது. வளைகுடாவிலிருந்து வருபவனோ பள்ளி விடுமுறையை ஒட்டி வேனிலில் வருகிறான். அப்போது கொசஸ்தலை வறண்டு, இடையிடையே குட்டைகளும் கோரைப்புல்லுமாகக் கிடக்கும். முகத்துவாரத்தை மணல் மூடியிருக்கும். கழியின் நீர் அசையாமல் வானத்தைக் காட்டிக்கொண்டிருக்கும். தரகர் காட்டும் மனை அந்தச் சமயத்தில் மேடாகவே தோன்றும். சித்திரையில் பார்த்த மனைக்கு ஆவணியில் பத்திரம் பதிவாகிறது. ஐப்பசி பிறந்து கிழக்கே மேகம் கறுக்கும்போது உடையவன் கடலுக்கு அப்பால் இருக்கிறான். ஆற்றின் பன்னிரண்டு மாதங்களில் அமைதியான இரண்டை மட்டும் கண்டு, மற்றைப் பத்தையும் ஊகத்தின் பேரில் விலைக்கு வாங்குவதே இவ்வழக்கத்தின் அடிப்படைப் பிழை.

வெள்ளம் இங்கே வருவதற்கான காரணங்களும் மறைபொருள் அல்ல. சென்னை வழியாகக் கடலில் சேரும் ஆறுகளுள் மிகப் பரந்த நீர்ப்பிடிப்பு உடையது கொசஸ்தலை. அதன் குறுக்கே 1944-இல் கட்டி முடிக்கப்பட்ட பூண்டி நீர்த்தேக்கத்தின் கொள்ளளவு சுமார் 3,231 மில்லியன் கன அடி. அது நிரம்பியபின் வரும் நீரையெல்லாம் கீழே விடுவதைத் தவிர வேறு வழியில்லை. அவ்வாறு விட்ட நீர் தாமரைப்பாக்கம், வல்லூர் அணைக்கட்டுகளைத் தாண்டி மணலி புதுநகரின் பக்கமாக எண்ணூரை அடையும்போது, புயலால் கடல்மட்டம் உயர்ந்திருந்தால் முகத்துவாரம் நீரை வாங்க மறுக்கும். அப்போது ஆறு இருபக்கமும் படர வேண்டும்; படர்வதற்கென்று இயற்கை வைத்திருந்த உப்பளங்களும் அலையாத்திக் காடுகளும் சதுப்பும் ஆலைகளுக்கும் சாம்பல் குளங்களுக்கும் சரக்குக் கிடங்குகளுக்கும் இடமாகிவிட்டபடியால், அது வீடுகளுக்குள் படர்கிறது. 2015-லும் 2021-லும் மணலி புதுநகர், சடையங்குப்பம் ஆகிய இடங்களில் நடந்தது இதுதான்.

அப்பகுதித் தெரு ஒன்றில் சற்றே நின்று பார்ப்பவருக்கு இது பிரத்தியட்சமாகவே விளங்கும். சுவரில் இடுப்பு உயரத்தில், எத்தனை முறை சுண்ணாம்பு அடித்தாலும் மறையாமல் ஒரு பழுப்புக் கோடு ஓடுகிறது. மின்சார ஸ்விட்ச் பலகையைக் கைக்கெட்டாத உயரத்துக்கு ஏற்றி வைத்திருக்கிறார்கள். குடும்ப அட்டையும் பிள்ளைகளின் சான்றிதழ்களும் பிளாஸ்டிக் உறையிலிட்டுப் பரண்மேல் இருக்கின்றன. ஆண்டுதோறும் சாலையை உயர்த்திப் போட்டதன் பயனாக வாசற்படி சாலைக்குக் கீழே இறங்கிவிட்டது. அங்கே வாழ்பவர்கள் இவ்வளவையும் அனுபவத்தால் கற்றிருக்கிறார்கள். இரண்டு வாரம் தங்கிப் போகும் விருந்தாளி உடைமைக்காரனுக்கு இந்தப் படிப்பு எப்படி வாய்க்கும்?

இரண்டாவது குற்றம், பூட்டிய வீட்டினுடையது. ஆள் இருக்கும் வீட்டில் வெள்ளம் புகுந்தால் மெத்தையை மேலே ஏற்றுவார்கள், மின்சாரத்தைத் துண்டிப்பார்கள், நீர் வடிந்த மறுநாளே சேற்றை வழித்தெறிவார்கள். பூட்டிய வீட்டில் சேறு உலர்ந்து, கதவுகள் ஊறி, பூஞ்சை கூரைவரை ஏறிய பிறகே செய்தி போய்ச் சேரும். 2018 ஆகஸ்டில் பம்பை பெருகியபோது, அயல்நாட்டுப் பணத்தால் எழும்பிய செங்கன்னூர், ஆரன்முளைப் பகுதி வீடுகளில் முதிய பெற்றோர் மட்டும் மாடியில் சிக்கிக்கொள்ள, பிள்ளைகள் கடல் கடந்து தொலைபேசியில் மன்றாடியதைக் கேரளம் கண்டது. அவர்களைப் படகேற்றி மீட்டவர்களுள் முன்னணியில் நின்றோர் கடற்கரை மீனவர்கள். காப்பீடு இருக்கிறதே என்பாருக்கு ஒரு சொல்: கட்டிடம் தொடர்ந்து 30 நாள்களுக்கு மேல் ஆளின்றிக் கிடந்தால், நிறுவனத்தின் முன் இசைவு இல்லாவிடில் பாதுகாப்பு அற்றுப்போகும் என்பது தீக்காப்பீட்டு ஒப்பந்தங்களில் நெடுங்காலமாக இருந்து வரும் நிபந்தனை. ஓய்வில்லத்தின் இயல்போ பதினொரு மாதம் ஆளின்றிக் கிடப்பதே.

மூன்றாவது குற்றம் பிறருக்கு இழைக்கப்படுவது. எனவே மிகக் கனமானது. தாழ்வான நிலத்தில் மனைப்பிரிவு போடுவோர் நீர்வளத்துறையின் தடையின்மைச் சான்றுக்கு விண்ணப்பிக்கும்போது, இன்ன உயரத்துக்கு மண் நிரப்ப வேண்டும் என்று நிபந்தனை விதிப்பது வழக்கம். வாங்குபவன் அதைக் கேட்டு மகிழ்கிறான். தன் மனை இனி மூழ்காது என்று நிம்மதி அடைகிறான். தன் மனையில் நிற்க இடமில்லாத அந்த நீர் ஆவியாகிப் போய்விடுவதில்லை. மண் நிரப்பக் காசில்லாத பக்கத்துக் குடிசைக்குள் போய் நிற்கிறது. பணமுள்ளவன் தன் வெள்ளத்தை ஏழையின் வீட்டுக்கு அனுப்புகிறான் என்று சொன்னால் அது கடுமையான வார்த்தையாகத் தோன்றலாம். ஆயினும் நீரின் கணக்கு அப்படித்தான் முடிகிறது.

சட்டம் காப்பாற்றாதா என்னும் கேள்விக்கு, ஓரளவே என்பதுதான் விடை. அயலகவாழ் இந்தியரும் ‘வெளிநாட்டு இந்தியக் குடிமக்கள்’ (OCI) அட்டை உடையோரும் குடியிருப்பு வீடு வாங்கலாமே தவிர, விவசாய நிலமோ பண்ணை வீடோ விலைக்கு வாங்க அந்நியச் செலாவணிச் சட்டம் பொதுவாக இடம் தருவதில்லை. நஞ்சையை ‘பண்ணை வீட்டு மனை’ என்று விற்கிறவர் இதை வாய்விட்டுச் சொல்வதில்லை. அங்கீகாரமில்லாத மனைகளின் பதிவை 2016 செப்டம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் தடுத்து நிறுத்தியது நல்ல காரியம். ஆனால் கழிக்கரையில் கட்டிடங்கள் விலகி நிற்க வேண்டிய தூரத்தை, 2011-ஆம் ஆண்டுக் கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கை 100 மீட்டர் அல்லது கழியின் அகலம், இவற்றில் எது குறைவோ அது என்று வைத்திருக்க, 2019-ஆம் ஆண்டு அறிவிக்கை அந்த 100-ஐ 50 ஆக்கிவிட்டது. சட்டம் பின்வாங்கியதால் வெள்ளம் பின்வாங்கிவிடாது. பட்டாவும் வில்லங்கச் சான்றும் நிலம் யாருடையது என்று சொல்லும்; நீர் அதன்மேல் எவ்வளவு உயரம் நின்றது என்று சொல்லா.

இங்கே ஒரு தடை எழுப்பப்படலாம். காட்டுக்குப்பத்திலும் முகத்துவாரக் குப்பத்திலும் மீனவர்கள் தலைமுறை தலைமுறையாக வாழவில்லையா, அவர்களுக்கு ஆகாத ஆபத்து நமக்கு மட்டும் ஏன் என்று கேட்பார்கள். மீனவர் அங்கே இருப்பது தொழிலின் பொருட்டு. இறாலும் நண்டும் எந்த நீரில் உண்டோ அந்த நீரைவிட்டு அவர்கள் அகல இயலாது. காற்றையும் நீரோட்டத்தையும் கொண்டு மழையை முன்கூட்டி உணரும் ஞானம் அவர்களுக்குப் பரம்பரைச் சொத்து. அவர்களுக்கும் ஆபத்து ஆகத்தான் செய்கிறது: 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையோடு மணலித் தொழிற்பகுதியிலிருந்து எண்ணெய் கலந்து வந்து கழியெங்கும் படர்ந்தபோது, வலையும் படகும் கரிய பிசினாகிவிட, அவர்களே படகில் அமர்ந்து குவளையாலும் வாளியாலும் அந்த எண்ணெயை அள்ளிப் பீப்பாய்களில் ஊற்றினார்கள். தேவையால் ஆபத்தைத் தாங்குபவனைச் சான்று காட்டி, இன்பத்துக்காக ஆபத்தை வாங்குபவன் தன் செயலை நியாயப்படுத்திக்கொள்ள முடியாது.

கடலோடு போராடியே நாடு சமைத்த ஒல்லாந்தர்கூட, இந்நூற்றாண்டில் ஆறுகளுக்கு இடம் விடும் திட்டம் ஒன்றை வகுத்து, கரைகளைப் பின்னுக்குத் தள்ளி, சில குடிகளை மேட்டுக்கு மாற்றினார்கள். நம்மிடமோ அதற்கு நேர்மாறான பாடம் கண்முன்னே இருந்தும் படிக்கப்படவில்லை. சென்னைத் துறைமுகத்தின் தடுப்புச் சுவர்கள் மணலோட்டத்தை மறித்ததால் தெற்கே மெரினா அகன்றது. வடக்கே ராயபுரம் முதல் எர்ணாவூர் வரை கடல் கரையைத் தின்றது. இன்று அங்கே கருங்கற் குவியல்களும் தூண்டில் வளைவுகளும் மணற்பரப்பின் இடத்தில் நிற்கின்றன. நீர்க்கரை என்பது நிலையான எல்லையன்று என்பதற்கு வடசென்னைக்காரனுக்கு இதற்கு மேல் அத்தாட்சி வேண்டியதில்லை.

ஆகவே என் முடிவு இது: வெளியூர் வாழ்வோன் தாய்மண்ணில் இளைப்பாற இடம் தேடுவது பழுதன்று; வெள்ளம் படரும் கரையில் அதைச் சொந்தமாக்கிக்கொள்வதே பழுது. மேட்டுத்தெருவில், அண்டை அயலார் உள்ள ஊர்நடுவில் வீடு வாங்கலாம். கழியைக் காண விரும்பும் நாள்களில் படகுக்காரருக்குக் கூலி கொடுத்துக் கண்டுவரலாம். அதற்குப் பிறகும் கரையோரமே வேண்டும் என்று மனம் அடம்பிடிக்குமானால், முன்பணம் கொடுப்பதற்கு முன், அந்தத் தெருவிலேயே ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்துக் கார்த்திகை மாதம் முழுவதும் தங்கிப் பாருங்கள். பக்கத்து வீட்டுச் சுவரில் உள்ள கோடு எந்த ஆண்டுடையது என்று கேளுங்கள். பத்திரத்தில் கையெழுத்திடுவதைத் தைக்குத் தள்ளி வையுங்கள்.