கலே நகரத்து அறுவர்

ஐரோப்பிய நகரங்களில் சதுக்கத்துக்குச் சதுக்கம் நிற்கும் சிலைகளுள் பெரும்பாலானவை குதிரைமீதோ உயர்ந்த தூண்மீதோ ஆரோகணித்து ஆகாயத்தோடு சம்பாஷித்துக்கொண்டிருப்பவை; கீழே நடக்கும் யாத்திரிகனுக்குத் தரிசனமாவது குதிரையின் வயிறும் தளபதியின் பாதரட்சையுமே என்பதால், அவற்றுக்குரிய மரியாதையைத் தூரத்திலிருந்தே செலுத்திவிட்டு நகர்ந்துவிடுவது என் வழக்கம். பிரான்ஸின் வடகோடித் துறைமுகமான கலேயில், நகர மண்டபத்தின் முன்னே நிற்கும், சிற்பி ஒகுஸ்த் ரோடினின் வெண்கல அறுவரிடம் அந்த வழக்கம் செல்லுபடியாகவில்லை.

1347-இல், ஏறத்தாழ ஓராண்டு முற்றுகைக்குப் பின் பசியால் பணிந்த அந்நகரத்தாரிடம், பிரமுகர் அறுவர் வெறுங்காலுடனும் கழுத்தில் சுருக்குக் கயிற்றுடனும் வந்து கோட்டைச் சாவிகளை ஒப்படைத்தால் மற்றவர்களை உயிரோடு விடுவதாக இங்கிலாந்து மன்னர் மூன்றாம் எட்வர்டு நிபந்தனை விதித்தார். ராணி பிலிப்பா மன்றாடி அவர்களைக் காப்பாற்றினாள் என்று சரித்திரக்காரர் புரோய்சார் எழுதிவைத்திருக்கிறார். ரோடின் தேர்ந்துகொண்டது அந்தக் கருணை நேர்வதற்கு முந்திய க்ஷணத்தை. முதலில் முன்வந்த முதியவர் யூஸ்தாஷின் சிலை ஒன்றே போதுமென்றிருந்த நகரசபைக்கு அவர் அறுவரையும் சமைத்துக் கொடுத்தார். ஊர்மக்கள் உரசிக்கொண்டு நடக்கும்படி அவர்கள் தரையோடு நிற்கவேண்டுமென்ற அவருடைய ஆசையைப் புறக்கணித்து, 1895-இல் உயர்ந்த பீடமும் இரும்பு வேலியும் அமைத்துத்தான் திறந்துவைத்தார்கள். தாழ்ந்த பீடம் வாய்த்தது 1924-இல், சிற்பி காலமாகி ஏழாண்டு கழித்து. சபைகளின் ரசனை எங்கும் இப்படித்தான் போலும்!

இந்தச் சிற்பத்துக்கு முன்பக்கம் என்று ஒன்று கிடையாது. பிரதட்சிணமாகச் சுற்றி வந்தால்தான் ஒவ்வொருவராக முகம் காட்டுகிறார்கள். யூஸ்தாஷ் தலை கவிழ்ந்து ஒடுங்கியிருக்க, ஜான் தேர் தாடையை இறுக்கிக்கொண்டு சாவியைப் பற்றியிருக்க, அந்திரியூ தன் தலையையே இரு கைகளுக்குள் புதைத்துக்கொண்டிருக்கிறான். ஒருவர் பார்வையும் மற்றவர்மீது படவில்லை. சேர்ந்து சாகப் போகிறவர்கள் தனித்தனியே சாகிறார்கள். கைகளும் பாதங்களும் உடலின் பிரமாணத்துக்குச் சற்றே மிஞ்சியவை. சாஸ்திரக்காரர் குறை சொல்லலாம், ஆனால் அந்த மிகையைக் குறைத்திருந்தால் பாரம் போயிருக்கும்.

அறுவருள் என் மனத்தைக் கவர்ந்தவன் பியேர் தெ விஸ்ஸான். முகத்தை ஒருபுறம் திருப்பி, பாதி விரிந்த விரல்களோடு அவன் உயர்த்தியிருக்கும் வலக்கை விடைபெறுகிறதா, விதியை வினவுகிறதா என்று நிச்சயிக்க முடியாமல் வெகுநேரம் நின்றேன். அந்தக் கை நடராஜரின் உயர்த்திய கையை நினைவுக்குக் கொண்டுவந்தது. சென்னை அருங்காட்சியகத்து நடராஜ வெண்கலத்தைப் புகைப்படங்களில் மட்டுமே கண்டு ரோடின் எழுதிய கட்டுரை, அவர் மறைவுக்குப் பின் 1921-இல் வெளிவந்தது. அந்த மூர்த்தியை வார்த்த ஸ்தபதிக்கு அபய ஹஸ்தம் இன்னதென்று வகுத்துக் கொடுக்கப் பரம்பரையின் இலக்கணம் இருந்தது. அப்படி ஒன்று கைவசமில்லாத ரோடினோ கைகளை மட்டும் தனித்தனியே களிமண்ணில் பிசைந்து பிசைந்து பார்த்துத் தமக்கு வேண்டிய முத்திரையைத் தாமே கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.