சீனியும் கொழுப்பும்: ஆராய்ச்சியில் இரட்டை அளவுகோல்

விஞ்ஞானக் கட்டுரையொன்றை இலக்கியத்தைப் படிப்பதுபோல் வரிவரியாக ஊன்றிப் படிக்கும் வழக்கம் நம்மிடையே அருகியே காணப்படுகின்றது. அவ்வாறு படிக்கத்தக்கது, 1967இல் 'நியூ இங்கிலாந்து மருத்துவ சஞ்சிகை'யில் இரு பகுதிகளாக வெளிவந்த மதிப்பாய்வாகும். உணவிலுள்ள கொழுப்பு, காபோவைதரேற்று ஆகியவற்றுக்கும் இருதய நோய்க்குமுள்ள தொடர்பை ஆராயும் அதனை எழுதியோர் ஹாவாட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மக்கண்டி, ஹெக்ஸ்ரெட், ஸ்ரெயர் என்போர்.

அமெரிக்கச் சீனித் தொழிற்றுறையின் ஆராய்ச்சி மன்றம் இதற்கென 6,500 டொலர் வழங்கியது, மதிப்பாய்வின் நோக்கத்தை வகுத்தது, வரைவுகளையும் பெற்றது. கட்டுரையில் இவை குறிப்பிடப்படவில்லை. பழைய கடிதங்களைத் துருவி, 2016இல் இவற்றை வெளிக்கொணர்ந்தவர் கிறிஸ்ரின் கேர்ன்ஸ் முதலியோர். பணத்தைப் பற்றியே பலரும் பேசினர். எனினும், கட்டுரையினுள் நிகழ்ந்திருப்பதே கூடிய கவனத்துக்குரியதென்பது என் கருத்து. சீனியைக் குற்றஞ்சாட்டும் ஆய்வுகள் வரும்போது அவற்றின் குறைகள் ஒவ்வொன்றாக எடுத்துக்காட்டப்படுகின்றன. கொழுப்பைக் குற்றஞ்சாட்டும் ஆய்வுகளோ அத்துணைக் கடுஞ்சோதனைக்கு உள்ளாவதில்லை. ஒரு பக்கத்துக்கு நுணுக்குக்காட்டி. மறு பக்கத்துக்கு வெறுங்கண். இதற்குப் பொய்த் தரவு எதுவும் தேவைப்படவில்லை.

ஜோன்ஸ், ஒப்பன்ஹைமர் ஆகியோர் 2018இல் 'சயன்ஸ்' சஞ்சிகையில் இதற்கு மறுப்பு எழுதினர். தொழிற்றுறையிடம் பணம் பெறுதல் அக்காலத்து வழமையே என்பதும், கொழுப்புப் பற்றிய ஹாவாட் அறிஞரின் கருத்து அப்பணத்தால் உருவானதன்று என்பதும் அவர்தம் வாதம். மேற்கூறிய மருத்துவ சஞ்சிகை, நிதித் தொடர்புகளை வெளியிடுமாறு ஆசிரியர்களைக் கேட்கத் தொடங்கியதே 1984இல்தான். வாதம் வலுவானது. ஆயின், அது இரட்டை அளவுகோலை நியாயப்படுத்தாது; அதன் ஊற்றைப் பணப்பையிலிருந்து கொள்கைப் பற்றுக்கு இடம்பெயர்க்கின்றது, அவ்வளவே. நிதியுதவியை அறிவிக்கச் சட்டம் செய்யலாம். பற்றினை எந்தப் படிவத்தில் அறிவிப்பது?

காபோவைதரேற்றைக் குறைத்துண்ண வேண்டுமென்போர் இவ்வரலாற்றைத் தம் கொள்கைக்குச் சான்றாகவே காட்டுவதுண்டு. ஹாவாட் அறிஞர் பக்கஞ்சார்ந்தனர் என்பதால் சீனி குற்றவாளியென நிறுவப்பட்டுவிடாது. இத்தரப்பின் வன்மையான எழுத்தாளர் கேரி டோப்ஸ். கொழுப்புக் கொள்கைக்கு ஆதாரமான ஆய்வுகளை 2007இல் வெளிவந்த தமது நூலில் அவர் சலித்தெடுத்த முறை பாராட்டத்தக்கது. பின்னர் 2012இல், கறாரான பரிசோதனைகளுக்கு நிதியளிக்கவென பீற்றர் அற்றியாவுடன் இணைந்து நிறுவனமொன்றையும் தொடங்கினார். நேர்மையான முயற்சி இது. அந்நிறுவனத்தின் நிதியுதவியுடன் கெவின் ஹோல் குழுவினர் 17 ஆண்களை ஆய்வுக்கூட விடுதியில் தங்கவைத்து நடத்திய பரிசோதனை 2016இல் வெளிவந்தது. காபோவைதரேற்று மிகக் குறைந்த உணவால் உடற்கொழுப்பு விரைந்து கரையவில்லை. உடனே அத்தரப்பார் குறைகளை அடுக்கினர்: தொகை சிறிது, காலம் குறுகியது, உணவுகளின் வரிசை எழுமாற்றாக அமையவில்லை. யாவும் நியாயமான குறைகளே. ஆயினும், முடிவு மறுதலையாக வந்திருப்பின் இக்குறைகள் இத்தனை விரைவில் அவர்கள் கண்ணிற் பட்டிருக்குமா?

அதே நிறுவனம் பங்களித்த ஸ்ரான்போர்ட் ஆய்வு 2018இல் வெளிவந்தது. 609 பேர் ஓராண்டு பங்குபற்றினர். கொழுப்பைக் குறைத்தோர் சராசரி 5.3 கிலோவும், காபோவைதரேற்றைக் குறைத்தோர் 6.0 கிலோவும் மெலிந்தனர். இவ்வேறுபாடு புள்ளிவிபர அடிப்படையில் பொருட்படுத்தத்தக்கதன்று. இரு குழுக்களுக்கிடையிலான வேறுபாட்டைவிட ஒரே குழுவினுள் ஆளுக்காள் காணப்பட்ட வேறுபாடு மிகப் பெரிது. அதனை விளக்கக்கூடுமென எதிர்பார்க்கப்பட்ட மரபணு வகையும் இன்சுலின் சுரப்பும் விளக்கவில்லை. எத்தரப்புக்கும் வெற்றி தராத இம்முடிவு, அக்காரணத்தினாலேயே 1967ஆம் ஆண்டு மதிப்பாய்வுக்கு அருகில் வைத்துப் படிக்கப்பட வேண்டியதாகின்றது.